சிவப்பாய்த் தெரிந்த வயல்

கேரளத்து வேளாண்மை ஆபீசான கிருஷி பவனிலிருந்து ஆள் வந்தபோது தங்கதுரை தென்னைக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தான். புதன்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வரவேண்டும் என்றான் வந்தவன்.

"எதுக்குங்க?"

"குப்பண்ணன் வயல் விசயம். நீங்க கைரேகை வெச்ச பழைய கடுதாசி ஒண்ணக் குடுத்திருக்காருங்க. அது உங்க ரேகைதானான்னு மேடம் கேக்கோணுமாம்."

மண்வெட்டி மண்ணிலேயே நின்றது. அந்தக் காகிதத்தைப் பதினோரு வருசமாக அவன் தேடாத இடமில்லை. இன்றைக்குக் குப்பண்ணனே அதை எடுத்து வெளியே போட்டிருக்கிறார். பாம்பு தானாகப் புற்றைவிட்டு வந்தால் தடி எடுக்க யாரும் சோம்பல் படமாட்டார்கள்.

மீனாட்சிபுரம் போகிற ரோட்டோரத்தில், கூலிக்காரர்கள் பண்ணாடி என்று கூப்பிடும் குப்பண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நெல்வயல் இருந்தது. 2014-ஆம் வருசம் சித்திரை வெயிலில் செம்மண் கொட்டி அதை மேடாக்கினார். கீழ்ப்பக்கத்து வாய்க்காலும் சேர்ந்து மூடிப்போனது. ஆடி மழைக்கு மேலிருந்து வந்த தண்ணீர், போக வழியில்லாமல் தங்கதுரையின் மண்வீட்டில் வந்து முட்டியது. ஒரு பகல் முழுக்க ஊறிய சுவர் சாயங்காலம் அவன் பெண்டாட்டி கமலாத்தாள் மேல் விழுந்தது. மகள் அனுப்பிரியா பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வராததால் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பிணத்துக்குக் காத்து நின்றவனிடம் குப்பண்ணன் ஒரு காகிதத்தை நீட்டினார். "இதுல ரேகை வெச்சாத்தான் குடுப்பாங்களாமாடா" என்றார். மலையாளத்தில் எழுதியிருந்தது. தமிழ் எழுத்தே தெரியாதவன் என்னத்தைக் கண்டான்? வைத்தான். அந்த நிலம் ரொம்ப வருசமாகவே மேடு, அங்கிருந்து தண்ணீர் வரவில்லை, சுவர் பழசாகித் தானே விழுந்தது என்று அவனே சொன்னதாக அதில் இருந்ததாம். கமலாத்தாளை எரித்த சாம்பல் ஆறுவதற்குள் விசாரணையும் ஆறிப்போனது.

அந்த வருசமே பஞ்சாயத்து எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தான். நாற்பது வயசு. பகல் முழுக்கக் கொத்திய கைக்குப் பென்சில் அடங்கவில்லை. மலையாளத்தை முதலில் படித்தான், தமிழைப் பிறகு. தன் பகை எந்த எழுத்தில் இருந்ததோ அந்த எழுத்துத்தான் அவனுக்கு முதலில் வேண்டியிருந்தது.

அனுப்பிரியாவுக்கோ சின்ன வயசிலிருந்து ராக்கெட் பைத்தியம். பி.எஸ்சி. முடித்ததும் திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருச மேற்படிப்பு. இரண்டாம் வருசம் இரண்டு வழியாகப் பிரியும். ஒரு வழி, விண்கலத்தை அனுப்பிக் கண்காணிக்கிற வேலைக்குப் போகும். இன்னொன்று, செயற்கைக்கோள் எடுத்தனுப்புகிற படங்களைப் படிக்கிற வேலை. முதல் வழியில் அவள் பெயர் வந்துவிட்டது. போனில் சொல்லும்போது அவள் குரல் துள்ளியது.

"அந்தப் படம் பாக்கறதுல பழைய வருசத்துப் படமெல்லாம் இருக்குமா சாமி?" என்று கேட்டான் தங்கதுரை.

"இருக்கும்ப்பா. எந்த வருசம் வேணும்?"

அவன் சொன்னான். அது அவள் அம்மா செத்த வருசம். பத்து நாள் கழித்து அவள் இரண்டாவது வழிக்கு மாறிக்கொண்டாள்.

ஒரு லீவுக்கு வந்தபோது, இடம் குறிக்கிற ஜி.பி.எஸ். கைக்கருவியோடு அந்த மேட்டின் நான்கு மூலையிலும் நின்று குறித்துக்கொண்டு போனாள். அடுத்த முறை இரண்டு படம் கொண்டுவந்தாள். 2014 தை மாசத்துப் படத்தில் வயல் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நெல்லு பச்சையாத்தான இருக்கோணும்?"

"உசுருள்ள பயிரு இந்தப் படத்துல செவப்பாத் தெரியும்ப்பா. செத்த மண்ணு சாம்ப நெறம்." அடுத்ததைக் காட்டினாள். அதே வருசம் மார்கழி. அதே இரண்டு ஏக்கர் சாம்பலாகக் கிடந்தது.

பார்க்கப் பார்க்க அவனுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. கூடவே ஒரு பயமும். "இதுல ஆளுக தெரியுமா சாமி?"

"ஒரு கட்டமே ஆறு மீட்டரு. ஆளெல்லாம் தெரியாது."

தங்கதுரை மூச்சு விட்டான். அவளிடம் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. டிப்பர் கொட்டிய மண்ணை நிரவியது அவன்தான். "வாய்க்காலையும் சேத்து மூடுடா" என்று குப்பண்ணன் சொன்னபோது, மூன்று நாள் வேலையாக அதை மூடி மிதித்துக் கெட்டிப்படுத்தியதும் அவன்தான். கூலிக்காரனுக்குச் சொன்னதுதான் வேலை. அன்றைக்கு அவ்வளவுதான் நினைத்தான்.

கிருஷி பவனுக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் குப்பண்ணன் ஸ்கூட்டரில் தோப்புக்கே வந்தார். அரசாங்கப் பட்டியலில் அந்த மேடு இன்னும் நெல்வயல்தான். கேரளத்து நெல்வயல் சட்டம் வந்த 2008-க்கு முன்பே மேடாகிவிட்டது என்று காட்டினால்தான் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். எடுத்தால்தான் குடோன் கட்ட வந்தவனுக்கு விற்க முடியும். அதற்குத்தான் பழைய காகிதம்.

"நாளைக்கு வந்து, ஆமா என்ர ரேகைதான்னு சொல்லு. சோலி முடிஞ்சுது."

"சொல்றனுங்க பண்ணாடி. என்ர ரேகைதானுங்களே."

"உம்மவ மானத்துல இருந்து எடுத்த படம் வெச்சிருக்கறாளாமா." குப்பண்ணன் சிரித்தார். "அது வெளிய வந்துச்சுன்னா, அந்த வாய்க்கால மூடுனது ஆருன்னு அவகிட்ட நாஞ் சொல்லோணுமல்லோ? ஆத்தாளக் கொன்னது அப்பன்னு தெரிஞ்சா புள்ளைக்குப் படிப்பு ஓடுமாடா?"

தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டு பாத்தி வெட்டினான். பணிந்துவிட்டான் என்று நினைத்து அவர் வண்டியைக் கிளப்பினார். அவன் பணியவில்லை. இந்தக் கத்தி இனி அவர் கையில் இருக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

கிருஷி ஆபீசர் நிமி மேடம் மலையாளி. எதிரே குப்பண்ணனும், தங்கதுரையும், திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அனுப்பிரியாவும் உட்கார்ந்திருக்க, மேசையில் காகிதத்தை விரித்தார்.

"தங்கதுரை, இது நிங்கட கைரேகை தானே?"

"ஆமாங்க மேடம். கொஞ்சம் குடுங்க." வாங்கி, எழுத்துக் கூட்டி, சத்தமாக முழுவதும் படித்தான். குப்பண்ணன் முகத்தில் முதல் தடவையாக ஈயாடவில்லை. கைரேகைக்காரன் படிப்பான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"ரேகை என்னுதுங்க. இதுல இருக்கறது ஒரு வரியும் என்னுதில்லைங்க."

அனுப்பிரியா இரண்டு படத்தையும் வைத்தாள். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி என்று எழுதிய தாளையும் வைத்தாள். "என்ர படத்த நம்ப வேண்டாம் மேடம். இதே தேதிப் படத்த நீங்களே வரவழைச்சுப் பாருங்க."

குப்பண்ணன் எழுந்தார். "படத்துல மண்ணு தெரியுது. மண்ணப் போட்டவன் தெரியுதான்னு இந்தப் புள்ளையக் கேளுங்க மேடம். அதையும் சொல்லிப்போடட்டுமாடா தங்கதுரை?"

"நீங்க எதுக்குங்க செரமப்படறீங்க, நானே சொல்றேன்." அவன் மகளைப் பார்க்காமல் மேடத்தைப் பார்த்தே பேசினான். "டிப்பர் நூத்திப்பத்து நடை வந்துச்சுங்க. சித்திரை ஏழுல இருந்து பதினெட்டு வரைக்கும். நெரவுனது நானுங்க. கீழ்வாய்க்கால மூடுனதும் நாந்தான். மூடச் சொன்னது இவரு. அந்தத் தண்ணியிலதான் என்ர பொண்டாட்டி செத்தா. எழுதிக்குங்க மேடம்."

மேடம் எழுதினார். நீட்டிய மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கி, மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, தன் பெயரை எழுதினான். ரெண்டும் கோணல்தான்.

"எங்க துறைப் படம் வரட்டே" என்றார் மேடம், குப்பண்ணனைப் பார்த்து. "ஒத்துவந்தா நிங்கட அபேட்சை, அந்த மனு, தள்ளிப்போகும். மேல இருந்து உத்தரவு வரும். கொட்டின மண்ணு முழுக்க எடுத்து, வாய்க்காலும் வெட்டி, பழைய மாதிரி வயலாக்கிக் கொடுக்கணும்."

குப்பண்ணன் வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் துழாவினார். தங்கதுரை பக்கத்தில் போய், துண்டைத் தோளில் இருந்து எடுக்காமலே நின்றான்.

"மண்ணெடுக்க ஆளு வேணும்னாச் சொல்லுங்க பண்ணாடி. எந்த மூலையில எத்தன அடி கெடக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். கூலி வேண்டாம்."

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். பதினோரு வருசமாக நெஞ்சில் கிடந்த கங்கு அப்போது தின்றது அவனை அல்ல.

பஸ் ஸ்டாப்பு வரை அனுப்பிரியா அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பாலக்காட்டுப் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"நீங்களே மூடுன மண்ணக் காட்டத்தான் என்னைய ராக்கெட்ட விட்டுப்போட்டு இந்தப் படிப்பு எடுக்க வெச்சீங்களா?"

"ஆமா சாமி."

"வாய்க்கால மூடுனது, அம்மாவுக்குத் தெரியுமா?"

"மூணு நாளும் அவதான் சோறு கொண்டாந்தா."

அவள் முகம் இறுகியது. பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் வெளியே நின்றான். அப்பா என்று ஒரு சொல் வருமா என்று பார்த்தான். வரவில்லை.

பஸ் நகரும்போது அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"மண்ணெடுக்க ஆரம்பிக்கற தேதியச் சொல்லுங்க" என்றாள். "முன்னாடியும் பின்னாடியும் படம் வேணும். ஒரு கட்டம் சாம்பலா மிச்சமிருந்தாலும் அந்தாள நான் விடமாட்டேன்."