நேர்ந்துவிட்ட சேவல்

குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்கக் கூடாதென்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் மேல் மனுக் கொடுத்தவளே கல்யாணசுந்தரிதான். சுகாதார ஆய்வாளர் வந்து கெடு வைத்ததும் ஆவுடைத்தாய் கோழிகளையெல்லாம் விற்றாள். செஞ்சேவலை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.

"அது மாடன் சாமிக்கு நேந்துவிட்டது மதினி. கோயில் கொடை வரைக்கும் அதுபாட்டுக்குத் திரியும். யாரும் கைய வைக்கக் கூடாது."

மறுநாளே அது மதில் தாண்டி வந்து, கல்யாணசுந்தரி மாடியில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலைக் கிளறியது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அதன் காலில் நேர்ச்சைக்குக் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு, பிடித்த கையோடு அறுத்துக் குழம்பு வைத்துவிட்டாள். விஷயம் தெரியாத புருஷன் லிங்கராஜ் சட்டியை வழித்துத் தின்றான். அவளுக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்த வாரம் உச்சிவெயிலில் அதே ஆய்வாளர் அவள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அடுத்தவுக மேல மனுக் கொடுத்துட்டு நீங்க சேவல் வளக்குதீங்களா? தெருவே புகார் சொல்லுது."

"எங்க வீட்ல ஏது சார் சேவல்? வேணும்னா தேடிப் பாருங்க."

மாடி, கொல்லை, அடுப்படி எல்லாம் தேடிவிட்டுச் செருப்பை மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளறையிலிருந்து கணீரென்று கூவல் கேட்டது.

கல்யாணசுந்தரி ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். லிங்கராஜ் மத்தியான உறக்கத்தில் மல்லாந்து கிடந்தான். உதடுகள் மூடியே இருந்தன. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அவன் கணுக்காலில், இறுக்கிக் கட்டியபடி, அந்த மஞ்சள் துணி.