நிழல்கள் இறங்கிய பொட்டல்

பாபநாசம் மலையடிவாரத்தில் பாறுக் கழுகுகள் செத்து முடிந்த பிறகும் அவற்றின் நிழல்கள் பறப்பதை நிறுத்தவில்லை. 1996 கோடையிலிருந்து, மேலே பறவை ஏதும் இல்லாமலேயே, அம்மையப்பனின் தொழுவத்தின் மீதும் அதை ஒட்டிய பொட்டலின் மீதும் அவை சிறகு விரித்து வட்டமிட்டன. வெயில் ஏறினால் வரும். மேகம் மூடினால் போய்விடும்.

பறவைகளாக அவை பறந்ததை அம்மையப்பன் ஆயுள் முழுக்கப் பார்த்தவர். பாறை சூடேறியதும் பொதிகைச் சரிவிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி, சிறகை அடிக்காமல், காற்றில் சாய்ந்து சாய்ந்து மேலேறும். அவர் வீட்டில் மாடு செத்தால் பொட்டலில் கொண்டு கிடத்துவார்கள். பாறுகள் இறங்கி உண்ணும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அவை பசியாறினால்தான் மாடு கரையேறும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்து, உலையும் கொதித்துவிடும்.

மயிலைப் பசு இடுப்பொடிந்து விழுந்து கதறியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டிவந்து வலிக்கு ஊசி போடச் சொன்னார். பசு அமைதியாகக் கண்மூடியது. இரக்கத்தால் செய்த காரியம். ஆண்டவனுக்கு அது தெரியும். ஆனால் பசுவின் வலியை ஆற்றிய மருந்து, அதைத் தின்ற பறவைகளுக்கு நஞ்சானது. ஆற்றோர மருதமரங்களில் கழுத்துத் தொங்க உட்கார்ந்திருந்து, ஒவ்வொன்றாக விழுந்தன.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய கிழட்டுக் காளை செத்தது. பொட்டலில் கிடத்திவிட்டு, அவரும் மனைவி உலகம்மாளும் பட்டினியாக வானத்தைப் பார்த்திருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, நெழலுக்கெல்லாம் எல போட்டாச்சா?" என்று டீக்கடை மந்திரமூர்த்தி கேட்டான். அவன் சிரித்து முடிப்பதற்குள் நிழல்கள் வட்டத்தைச் சுருக்கி இறங்கி, காளையைச் சுற்றி உட்கார்ந்தன. கழுத்தை நீட்டிக் கொத்தின. பொழுது சாயும்வரை கொத்தியும் காளையின் ஒரு மயிர்கூட அசையவில்லை. மந்திரமூர்த்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் உடல் நாறத் தொடங்கியதும் அம்மையப்பன் அங்கேயே குழிதோண்டிப் புதைத்தார்.

"அதுக பசியோடல்லா போகுது. நாந்தான கெடுத்தேன்," என்று மண்மேல் உட்கார்ந்து அழுதார்.

பக்கத்து வீட்டு ஜமீலா பீவி கஞ்சிச் சட்டியோடு வந்தாள். "ஒங்க அடுப்பு எரியக்கூடாது, சரி. எங்க அடுப்புக்கு என்ன வந்துச்சி? குடிங்க அண்ணாச்சி. மதினி மொகத்தப் பாருங்க, வத்திப்போயில்லா கெடக்கு."

மனைவிக்காக அவர் குடித்தார். அம்மையப்பன் வீட்டு அடுப்பு பிறகு எரியவே இல்லை. ஜமீலா பீவி நோன்பு வைத்த பகல்களிலும், உப்புப் பார்க்க முடியாமலே, கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் இருவரும் சொல்லவில்லை. நிழல்கள் வெயில் நாட்களில் புதைமேட்டில் இறங்கி, காத்திருந்து, பசியோடு எழுந்துபோயின. ஆடு மேய்ப்பவர்கள் அந்த இடம் வந்ததும் மந்தையைச் சற்று ஒதுக்கி, நிழல்களை மிதிக்காமல் ஓட்டிப்போனார்கள்.