பெயர் போடாத திருத்தம்

“அப்பா, பேப்பர்ல தப்பாப் போட்டுட்டா, நீங்க எல்லார் வீட்டுக்கும் போய் ரப்பர் வச்சு அழிப்பீங்களா?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். ‘தப்பைத் திருத்துற வேலை’ என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு, அது எப்படி நடக்கும் என்பதில் பெரிய சந்தேகம். சோப்பு நுரை அப்பிய முகத்தோடு கண்ணாடி முன் நின்றிருந்த அப்பா சிரித்துவிட்டார்.

“அழிக்க வேண்டாம் கண்ணு. நாலு நாள் போனா அதுவே அழிஞ்சிடும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது உண்மைதான்.

அலுவலகத்தில் அவரைத் திருத்தம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நாளிதழின் நாலாம் பக்கத்தில், வலது மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் வரும். முந்தின நாள் வந்த பிழைகளுக்கு வருத்தம் தெரிவிக்கிற இடம். முப்பது வருஷமாக அந்தக் கட்டம் அவர் பொறுப்பு. மனைவி இருந்தவரை, “ஊருக்கெல்லாம் வருத்தம் தெரிவிக்கிறார், எனக்கு ஒரு நாள் தெரிவிச்சதில்ல” என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைய நாளிதழுக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் வாசல் நிலையில் நின்றுகொண்டே படிப்பார்கள். மாலையில் அது அலமாரித் தட்டில் விரிப்பாகிவிடும். அடுத்த நாள் கடைக்காரர் கையில் பொட்டலம். பாடப் புத்தகத்துக்கு அட்டை, மழையில் நனைந்த செருப்புக்குள் திணிக்கிற உருண்டை, ஜன்னல் கண்ணாடி துடைக்கிற துணிக்குப் பதில். யாருடைய அவமானமும் ஒரு வாரத்துக்கு மேல் அதில் தங்கியதில்லை. மறதியைக் கடவுள் மனிதர்களுக்குச் சும்மா கொடுக்கவில்லை என்று திருத்தம் சார் நினைப்பதுண்டு. ஒருவரை ஒருவர் மறுபடி முகம் பார்த்துப் பேசுவதற்காகக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதில் யார் பெயரும் வராது. ‘நேற்று மூன்றாம் பக்கச் செய்தியில் ஒருவரைப் பற்றித் தவறாகக் குறிப்பிட்டுவிட்டோம். வருந்துகிறோம்.’ அவ்வளவுதான். பத்திரிகையைத் தொடங்கிய பழைய ஆசிரியர் போட்ட விதி அது. “பாத்தவன் பாத்துட்டான். பாக்காதவன்கிட்ட போய் இன்னார் திருடன் இல்லைன்னு ஏன்ப்பா சொல்லணும்? அடிபட்ட இடத்துலயே மறுபடி கை வைக்காதே” என்பார். கோபக்காரர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இருந்த நாகரிகத்தைத் திருத்தம் சார் முப்பது வருஷமும் கண்ணாகக் காத்தார்.

போன வருஷம் ஐம்பது வருஷத்து இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார்கள். பெரிய விழா வைத்தார்கள். ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் வந்த பக்கமெல்லாம் மஞ்சள் கோடிட்டுக் கண் முன்னால் வந்து நிற்கும். எல்லோரும் கை தட்டினார்கள். திருத்தம் சாரும் தட்டினார்.

அவர் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஒருவர் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது தாண்டிய ஆள். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

“திருத்தம் பண்றவர் நீங்கதானா?”

“ஆமா. உக்காருங்க.”

“என்னைத் திருத்த முடியாதுன்னு என் பொண்டாட்டி சொல்றா. நீங்களாவது பாருங்க” என்று சொல்லி உட்கார்ந்தார். மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் நீவி வைத்தார்.

முப்பத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய மூன்றாம் பக்கம். ‘டீசல் திருட்டு: பஸ் டெப்போ ஓட்டுநர் கைது.’ அதன் கீழே ஒரு பெயர். திருத்தம் சாருக்கு மேலே படிக்கத் தேவைப்படவில்லை.

அந்தச் செய்தியை எழுதியவர் அவர்தான். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். காவல் நிலையக் குறிப்பில் இரண்டு பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன: புகார் கொடுத்தவர், கைதானவர். பக்கம் முடிக்கிற அவசரத்தில் மேலே இருந்த பெயரைக் கீழே இறக்கிவிட்டார். டெப்போவில் டீசல் திருட்டைப் பார்த்து, பயப்படாமல் போய்ப் புகார் சொன்ன ஓட்டுநர், மறுநாள் காலையில் ஊர் முழுக்கத் திருடனாகிவிட்டார்.

அன்று மத்தியானமே அந்த ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு அலுவலகத்துக்கு வந்தார். ஆசிரியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு கதவுப் பக்கம் கையைக் காட்டி, “எழுதினது அதோ நிக்கிறான். இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்” என்றார். கதவோரம் நின்றது திருத்தம் சார்தான். வீட்டில் மனைவிக்கு எட்டாவது மாதம்.

ஓட்டுநர் திரும்பி அவரைப் பார்த்தார்.

“வேண்டாம் சார். ஸ்டேஷன்ல நானும் தெளிவாச் சொல்லல போல. ரெண்டு வரி போட்டுடுங்க, போதும். என்னால ஒருத்தர் வேலை போச்சுன்னு இருக்க வேண்டாம்.”

ஸ்டேஷனில் அவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அது மூன்று பேருக்கும் தெரியும்.

இப்போது அதே மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். திருத்தம் சார் தலையில் அப்போது இருந்த முடியும் இல்லை, உடம்பும் அது இல்லை. ஓட்டுநருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

“ஸ்கூல் வேன் ஓட்டுற வேலைக்குக் கேட்டிருக்கேன் சார். பென்ஷன் வருது, அதுக்குக் குறையில்ல. வீட்ல சும்மா இருந்தா ஃபேன் சுத்துறதை எண்ணிட்டு உக்காந்திருக்கேன். எனக்குக் குழந்தைங்க சத்தம் வேணும். எங்களுக்குத்தான் ஒண்ணும் அமையல.” அவர் தாளை விரலால் தட்டினார். “எல்லாம் பேசி முடிஞ்சது. கடைசில ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு பொண்ணு என் பேரைத் தட்டிப் பாத்திருக்கு. திருடினவர் கையில பிள்ளைங்களை எப்படிக் குடுக்கிறதுங்கிறாங்க. அவங்க கேக்கறதும் நியாயம்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க.”

“அப்ப திருத்தம் போட்டாங்களே.”

“போட்டாங்க. அதுல என் பேர் இல்லையே சார். தட்டினா வரல. அன்னிக்கு அது எனக்கு நல்லதாத்தான் இருந்துச்சு.” பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நீங்க அப்ப இங்கதான் இருந்தீங்களா?”

“இருந்தேன். சேர்ந்த புதுசு.”

“அப்ப அந்தத் தம்பியைத் தெரிஞ்சிருக்குமே. கதவோரம் முகம் செத்துப்போய் நின்னுச்சு. எங்க இருக்கு இப்ப?”

திருத்தம் சார் இழுப்பறையிலிருந்து திருத்தம் கேட்கிற விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினார். “இருக்கார்” என்றார்.

“நல்லா இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் திருத்தம் சார் அந்த விண்ணப்பத்தை மாடியிலிருக்கும் வக்கீலம்மாவிடம் கொண்டுபோனார். பத்திரிகையின் சட்ட வேலைகளைப் பார்ப்பவர். மகள் வயதுதான் இருக்கும். இணையத்தில் இருக்கும் பழைய செய்திக்குத் திருத்தம் கேட்கலாம் என்று புதுச் சட்டம் வந்ததிலிருந்து அவர் மேஜையில் இப்படி விண்ணப்பங்கள் குவிந்திருந்தன.

“அழிக்க முடியாது சார்” என்றார் வக்கீலம்மா. “பழைய இதழைத் தொடக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. செய்திக்குக் கீழ திருத்தம் சேக்கலாம். அதுக்கு ஆதாரம் வேணும்.”

“மறுநாளே திருத்தம் வந்திருக்கும்மா. நாலாம் பக்கம்.”

வக்கீலம்மா அந்தப் பக்கத்தைத் திரையில் வரவழைத்துப் படித்தார். சிரித்துவிட்டார். “ஒருவரைப் பற்றித் தவறாகக் குறிப்பிட்டுவிட்டோம். எந்த ஒருவர் சார்? அந்த மூணாம் பக்கத்துல பதினாலு பேர் இருக்காங்க. மேயர் கூட இருக்கார்.”

“பேர் போடாதது ஒரு மரியாதைம்மா.”

“மரியாதையைக் கம்ப்யூட்டருக்கு எப்படி சார் சொல்றது?” குரலில் கிண்டல் இருந்தாலும் முகத்தில் இல்லை. “காவல் நிலையப் பதிவும் இத்தனை வருஷத்துக்கு இருக்காது. ஒரு வழிதான். அந்தச் செய்தியை எழுதினவர் யாரோ, ‘தப்பு என்னுது, நடந்தது இது’ன்னு தன் முழுப் பேரோட எழுதித் தரணும். செய்திக்குக் கீழயே அது நிக்கும், எப்பவும். ஆனா ஒண்ணு. நாளைக்கு அந்த ஓட்டுநர் எழுதினவர் மேல வழக்குப் போட்டா கம்பெனி கூட நிக்காது. அதையும் சொல்லிடுங்க. அந்தக் காலத்து ஆள் யாராவது இருக்காங்களா?”

“பாக்கறேன்” என்றார் திருத்தம் சார்.

“கிடைச்சா நீங்களே ஏத்திடுங்க. உங்களுக்குத்தான் அந்த அனுமதி இருக்கு. என்கிட்ட காட்ட வேண்டாம், எனக்கு இங்க மூச்சு விட நேரமில்ல.” வாசலுக்குப் போனவரை மறுபடி கூப்பிட்டார். “உங்க மலர் படிச்சேன் சார். நல்லா வந்திருக்கு.”

ஓய்வு பெறுகிறவருக்காக அலுவலகம் ஒரு சிறப்பு மலர் தயாரித்திருந்தது. அட்டையில் அவர் படம். அதன் கீழே, ‘முப்பத்துமூன்று ஆண்டு, இவர் கையால் ஒரு பிழை இல்லை.’ அதைப் படித்த நாளில் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பெயர் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், இனி யாராவது அவர் பெயரைத் தட்டும்போது அந்த மலரும் வரும், அதன் பக்கத்திலேயே டீசல் திருட்டும் வரும்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மகள் போனில் பேசினாள். வேறொரு நாட்டில், ஒரு மருத்துவமனையில், கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை அவளுக்கு. யாரைப் பற்றி என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னார்.

“இங்கன்னா இந்தப் பிரச்சினையே வராதுப்பா. கோர்ட்ல தீர்ப்பு வர்ற வரைக்கும் பேரே போட மாட்டாங்க. அப்படியே வந்தாலும் ஒரு ஃபார்ம் நிரப்பினா, தேடினா வராமப் பண்ணிடுவாங்க.”

“நல்ல சட்டம்தான்.”

“சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து வீட்ல இருக்கிறவர் பேர் எனக்கு இன்னும் தெரியாது. போன மாசம் ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கூட்டிட்டுப் போச்சு. போய் விசாரிக்கலாமா, அது தப்பான்னு யோசிச்சுட்டே நின்னேன். நம்ம தெருவுல எதிர் வீட்டுக்கு நான் பரீட்சைல வாங்கின மார்க்கு தெரியும்.”

“தெரியும். ஒருத்தராவது உன் முகத்துக்கு நேரா அதைக் கேட்டாங்களா?”

மகள் யோசித்தாள். “இல்லப்பா. கணக்குல கோட்டை விட்டப்ப எதிர் வீட்டு அத்தை பேசாம அவங்க பொண்ணோட நோட்டைக் குடுத்து விட்டாங்க.”

“அங்க சட்டம் போத்தி மூடுது. இங்க மனுஷங்க மூடினாங்க. இப்ப மெஷின் வந்து போர்வையை உருவிடுச்சு.”

“அப்பா, நீங்க ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? அது நீங்க எழுதின செய்தியா?”

“சோறு ஆறுதும்மா” என்றார் அவர். மகளும் தெரிந்தும் தெரியாதது போல, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டு வைத்துவிட்டாள்.

புதனும் வியாழனும் அவர் வேறு வேலை பார்த்தார். பழைய காவல் பதிவு கிடைக்குமா என்று நாலு இடத்துக்குப் போன் செய்தார். கிடைக்காது என்று தெரிந்தேதான் செய்தார். வேறு யாராவது கையெழுத்துப் போட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. செய்திப் பிரிவில் அப்போது இருந்தவர்கள் பாதிப் பேர் இன்று உயிரோடில்லை. அவர்கள் மேல் பழியைப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? நினைத்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றார். என்றைக்கும் மகளுக்காகவும் போன மனைவிக்காகவும் வேண்டிக்கொள்வார். அன்று ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்துமூன்று வருஷம் கொடுத்த சம்பளத்துக்கும், அந்தச் சம்பளத்தில் வளர்ந்த பெண்ணுக்கும் நன்றி என்று மட்டும் சொன்னார். அந்த நன்றி கடவுளுக்கு மட்டும் சேர வேண்டியதில்லை என்பது சொல்லும்போதே உறைத்தது.

ஏழரை மணிக்கு அலுவலகத்தில் பெருக்குகிற அம்மாகூட வந்திருக்கவில்லை. விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டர் எழுந்து வருகிற வரை காத்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, செய்தியின் கீழ் இருந்த வெற்றுக் கட்டத்தில் எழுதினார்:

‘இச்செய்தியில் கைதானவராகக் குறிப்பிடப்பட்டிருப்பவர் குற்றவாளி அல்லர். அத்திருட்டைக் கண்டு புகார் அளித்த நேர்மையாளர் அவரே. பெயரை மாற்றி எழுதிய பிழை முழுக்க என்னுடையது. அவர் காவல் நிலையத்தில் தெளிவாகவே கூறியிருந்தார்.’

கடைசி வாக்கியத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஒரு முறை படித்துப் பார்த்தார், அதை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, திருத்தத்துக்குள் ஓட்டுநரின் பெயரை ஊர், தகப்பன் பெயரோடு முழுசாகச் சேர்த்தார். கீழே, எழுதியவர் என்ற இடத்தில், அலுவலகத்தில் யாரும் கூப்பிடாத தன் முழுப் பெயரைத் தட்டினார். பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டுநருக்கும், பத்திரிகையின் பெயரில், ‘திருத்தம் பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரே வரி அனுப்பினார்.

பிறகு தேடுகிற இடத்தில் அந்த ஓட்டுநரின் பெயரை, முன்பின் தெரியாத ஒருவர் தட்டுவது போல, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தேடல் பட்டியலில், புதிதாக ஏறியது என்பதால், முதலில் வந்தது திருத்தம். அதற்கும் கீழேதான் செய்தி இருந்தது. வெளியே படிக்கட்டில் துடைப்பச் சத்தம் கேட்டபோது அவர் திரையை அணைத்துவிட்டு, அன்றைக்கு வந்த கடிதங்களைப் பிரிக்க உட்கார்ந்தார்.