சரிவு தெரிந்த கால்

எஸ்டேட் ஆட்களுக்கும் டவுன் கடைக்காரர்களுக்கும் நடந்த கோல்ஃப் போட்டியில், யுவனேஸ்வரி சமதரையில் அடித்த மூன்று பந்துகளும் காட்டுக்குள் போயின. பதினெட்டு வருஷமாகத் தேயிலைச் சரிவில் நின்று கொழுந்து வெட்டியவள் அவள். சமதரையிலும் அவளுடைய வலது முழங்கால் தானாக மடங்கியது. உடம்பின் பாரமெல்லாம் இடது காலில் இறங்கியது.

"ரெண்டு கால்லயும் சமமா நில்லும்மா," என்று சிரித்தார் ஷஹாபுதீன். தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். இன்று அவளுக்கு எதிராளி.

எட்டாவது குழியில் இருவருடைய பந்துகளும் செங்குத்தான சரிவில் போய் நின்றன. குழியோ கீழே இருந்தது.

"பந்த எடுத்துச் சமதரையில வச்சிக்கோ லா. புது ஆளுங்க இங்க நின்னு அடிக்க முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. "சரிவுல நிக்க எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

இடது கால் பள்ளத்தில், வலது கால் மேட்டில். முழங்கால் தானாக மடங்கியது, பாரம் தானாக இறங்கியது. சரிவின் போக்கிலேயே மட்டையை வீசினாள். பந்து தாழப் பறந்து, குழியருகே கொடிக்கம்பத்தை ஒட்டி நின்றது.

ஷஹாபுதீன் தன் பந்தருகே போய் நின்றார். இரண்டு கால்களையும் அளந்து ஊன்றி, ஓங்கி அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்தான் புல்லில் சறுக்கிப் பாதிச் சரிவுவரை போனார்.

யுவனேஸ்வரி விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கை நீட்டினாள்.

"ரெண்டு கால்லயும் சமமாத்தானே நின்னீங்கண்ணே?"