கண்ணாடியில் தெரியும் இடம்

விவாகரத்தில் வீடு மார்லிஸுக்கு வந்தது. படகும் நாயும் ரெய்னோவுக்குப் போயின. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிப்பர் டிரெய்லரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இரண்டு பேருக்குமே அதுதான் பிழைப்பு. அவன் பழைய கூரைகளைப் பிரித்தெடுத்துக் குப்பைக்குக் கொண்டுபோகிறவன். அவள் வீட்டுப் பாதைகளுக்கு ஜல்லியும் தோட்டங்களுக்கு மண்ணும் அடிக்கிறவள். ஒரு வாரம் இவளுக்கு, அடுத்த வாரம் அவனுக்கு என்று பேசி முடித்தார்கள். பிள்ளைகளைத்தான் இப்படிப் பங்கு போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று வக்கீல் சிரித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறு மதியமும் டிரெய்லர் அவள் வீட்டு முற்றத்தில் கைமாறியது. அவன் திருப்பித் தரும்போது தொட்டி பெருக்கியிருக்கும். ஒரு கூரை ஆணிகூடக் கிடக்காது. அவள் தரும்போது தொட்டியைத் தூக்கும் பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்கும். அவள் காபி கொண்டுவந்து தருவாள். அவன் டிரெய்லரின் மேல் சாய்ந்துகொண்டு குடிப்பான். நாயின் மூட்டுவலி, ஏரியில் பனிக்கட்டி எப்போது உடையும், ஊரில் யார் கூரை ஒழுகுகிறது என்று பேச்சு ஓடும். கோப்பை காலியானதும் கிளம்பிவிடுவான். வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

அந்த டிரெய்லரின் தரை இப்போது துருப்பிடித்து அங்கங்கே விட்டுப்போயிருந்தது. போன வருடம் பனி உருகியதும் ஊரே ஒரே நேரத்தில் அவளை ஜல்லிக்குக் கூப்பிட்டபோது, டிரெய்லர் ரெய்னோவின் வாரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. அதனால் இந்த ஏப்ரலில், பனி உருகும் காலத்தில் சாலைகளில் பாரவண்டிகளுக்குப் போடும் எடைக் கட்டுப்பாட்டை எடுப்பதற்கு முன்பே, மார்லிஸ் நெடுஞ்சாலையோரத்து டிரெய்லர் கடைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் டெரில் என்ற இளைஞன் ஓடிவந்தான்.

"வீட்டுக்காரர் வருவாரா மேடம்? எந்த வண்டில இழுக்கப் போறாருன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பாக்கலாம்."

"இழுக்கப் போறது நான்தான் தம்பி. வண்டி அதோ நிக்குது. வீட்டுக்காரர் இருந்தாரு, திருப்பிக் கொடுத்துட்டேன்."

"அடடா! திருப்பிக் கொடுத்ததுக்கு ஏதாவது கெடச்சுதா?"

"பாதி டிரெய்லர் கெடச்சுது. மீதிப் பாதிக்குத்தான் வந்திருக்கேன்."

டெரில் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு வேறு மாதிரிப் பேசத் தொடங்கினான். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டிகளைத் தூக்கச் சொன்னாள். சகதியைப் பார்க்காமல் கீழே படுத்து, குறுக்குச் சட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தாள். கறுப்புநிற டிரெய்லர் ஒன்று, சுமை ஏற்றினாலும் முனகாது என்று தோன்றும்படி தடித்த தரையோடு நின்றது. அதன் பின்கதவு இரண்டு விதமாகத் திறந்தது. இரண்டு பக்கமும் விரியத் திறந்தால் குப்பை கொட்டலாம். கீழ்ப்பக்கம் மட்டும் திறந்துவிட்டு வண்டியை நகர்த்தினால் ஜல்லி சீராகப் பரவும். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பக்கக் கண்ணாடியில் அந்தக் கறுப்புத் தொட்டி அமைதியாகப் பின்தொடர்ந்தது. பழையதைப் போல அது கடகடக்கவில்லை. அந்த அமைதியில்தான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. இனி அவன் எதற்கு வர வேண்டும்?

இந்த வசதி அவளுக்கு இப்போது புதிதாக வந்துவிடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டாள். வாங்கியது வேலைக்காக. இத்தனை நாள் வாங்காமல் இருந்தது வேலைக்காக அல்ல. இதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டது இப்போதுதான். சொல்லிக்கொண்டதும் முகம் சூடாயிற்று. வண்டியில் வேறு யாரும் இல்லாததற்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

டிரெய்லரைக் கொட்டகைக்குள் விடாமல் முற்றத்திலேயே நிறுத்தினாள். விறகு அடுக்குக்கும் நீராவிக் குளியல் குடிலுக்கும் நடுவே குறுகலான வழி. அதில் ரிவர்ஸ் எடுத்துத்தான் கொட்டகைக்குள் போக வேண்டும். தனியாக இருந்தால் அவளுக்கு அது பெரிய காரியமில்லை. ரெய்னோ பக்கத்தில் நின்றால்தான் தடுமாறுவாள்.

கல்யாணமான புதிதில் படகுத்துறையில் தொடங்கியது அது. படகு ஏற்றிய டிரெய்லரை அவள் தண்ணீர்ப் பக்கம் ரிவர்ஸ் எடுக்க, அவன் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசிக் கத்துவான். "இடது! இடது! உன் இடது இல்ல, என் இடது!" ஊர் முழுக்கத் தூண்டிலைப் போட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்க்கும். அவன் நிற்பது எப்போதும் டிரெய்லருக்கு நேர் பின்னால். எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டான். தெரியவில்லையே என்று அவள் இறங்கி வந்து கேட்டால், "நான் எங்க போயிடப் போறேன்? இங்கதானே இருக்கேன்" என்பான். அவர்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதையும் அவளால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த ஒரு பதில்தான் நினைவுக்கு வரும். அவன் இங்கேதான் இருந்தான், அவளுக்குத் தெரியாத இடத்தில்.

பிரிந்த பிறகு, காலியான பள்ளி மைதானத்தில் தானே ஓட்டிப் பழகினாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், டிரெய்லரைக் கொட்டகைக்குள் விட அவன் அவள் வண்டிச் சாவிக்குக் கை நீட்டும்போது கொடுத்துவிடுவாள்.

ஞாயிறு வந்தது. பழைய டிரெய்லர் கடகடத்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது. ரெய்னோ இறங்கினான். கறுப்பு டிரெய்லரைப் பார்த்தான். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயரைக் காலால் ஓர் உதை உதைத்தான்.

"யாரோடது?"

"என்னோடது."

"முழுசாவா?"

"முழுசா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கூட வந்திருப்பேனே."

"வந்திருப்பே. கடைக்காரன் உன்கிட்டதான் பேசியிருப்பான். நீயும் பதில் சொல்லியிருப்பே."

அவன் தொட்டியின் தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "நல்ல கனம். கல்லைக் கொட்டினாக்கூடத் தாங்கும்." பிறகு, "அப்போ பழசு?" என்றான்.

"உனக்குத்தான். வாரக் கணக்கெல்லாம் வேண்டாம்."

அவன் சந்தோஷப்படுவான் என்று ஒரு பக்கம் நினைத்திருந்தாள். அவன் அவள் தந்த காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். எதில் சாய்வது என்று தெரியாதவன்போல இரண்டு டிரெய்லர்களுக்கும் நடுவே நின்றான்.

"சரி, சாவியைக் குடு. உள்ள விட்டுட்டுப் போறேன்."

நீட்டிய அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். சாவியைக் கொடுத்தால் இன்றைய தினம் வழக்கமான ஞாயிறாகிவிடும். அது ஒன்றும் கெட்ட விஷயமில்லை. கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் சாவியைப் பிடித்துக்கொண்டன.

"வேண்டாம். நானே எடுக்கறேன்."

"அப்போ பின்னாடி நின்னு கை காட்டறேன்."

"கை காட்டாதே. சும்மா நில்லு. எனக்குக் கண்ணாடில தெரியற இடத்துல நில்லு. கையை பாக்கெட்ல வை."

"பாக்கெட்லயா?"

"பாக்கெட்ல."

"வாயை?"

"அதையும் அங்கேயே வை."

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இடது கண்ணாடியில் முதலில் குடிலின் சுவரும் உருகாத பனியின் ஒரு மேடும் மட்டுமே தெரிந்தன. பிறகு அவன் தொப்பி வந்தது. அவன் கண்ணாடியைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டான். திரும்பி வந்தான். ஓரடி முன்னால், ஓரடி பின்னால் என்று நகர்ந்து, சற்றுக் குனிந்து, கண்ணாடிக்குள் எதையோ தேடினான். அவள் முகத்தைத்தான் தேடினான். அகப்பட்டதும் அங்கேயே நின்றான்.

அவள் ரிவர்ஸ் போட்டாள்.

டிரெய்லர் தேவைக்கு மேல் திரும்பியது. விறகு அடுக்கைப் பார்த்துப் போயிற்று. முன்பெல்லாம் இந்த நொடியில்தான் கத்தல் தொடங்கும். கண்ணாடியைப் பார்த்தாள். அவன் வாயை இறுக மூடியிருந்தான். மேல்சட்டைப் பைகளுக்குள் இரண்டு கைகளும் கட்டிப்போட்ட நாய்க்குட்டிகளைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடியும் பின்னால் விட்டாள். கறுப்புத் தொட்டி மெல்ல வளைந்து கொட்டகைக்குள் போனது. போகிற போக்கில் விறகு அடுக்கின் மூலையில் உரசி இரண்டு கட்டைகளைத் தள்ளிவிட்டது.

இறங்கி வந்தாள். அவன் கட்டைகள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன, ஒண்ணும் சொல்லலியா?"

"வாய் பாக்கெட்ல இருக்கு."

அவன் பழைய டிரெய்லரின் கொக்கியைப் பார்த்தான். அது மாட்டியபடியேதான் இருந்தது. மாட்டியிருக்கிறதா என்று மறுபடியும் ஆட்டிப் பார்த்தான். காலிக் கோப்பையை அவளிடம் தந்துவிட்டு வண்டிக் கதவில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கவுமில்லை, கதவைத் திறக்கவுமில்லை. அவள் காத்திருந்தாள். இந்த முறை அவனுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அது அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

"இதோட தரையை வெல்டிங்குக்கு விடணும்" என்றான் கடைசியில். "எத்தனை நாளாகுமோ தெரியல. அதுவரைக்கும்... உன்னோடதைக் கேக்கலாமா?"

"கேக்கலாமே."

"குடுப்பியா?"

"தெரியாது. கேட்டாத்தானே தெரியும்."

"இப்போ கேட்டேனே."

"இப்போ இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வா. காபி போட்டு வைக்கறேன். உள்ள வந்து உக்காந்து கேளு."

அவன் வீட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். பூட்ஸ் முழுக்க முற்றத்துச் சகதி.

"இதைக் கழட்டணுமா?"

"நாலு வருஷத்துல அதுகூட மறந்து போச்சா உனக்கு?"

பழைய டிரெய்லர் கடகடத்துக்கொண்டே சாலைக்கு ஏறியது. சத்தம் பைன் மரங்களுக்குப் பின்னால் தேய்ந்து மறையும்வரை மார்லிஸ் கோப்பையோடு நின்றாள். பிறகு கீழே கிடந்த இரண்டு கட்டைகளையும் எடுத்து, வண்டி திரும்பக் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டு, அடுக்கில் வைத்தாள்.