ஆரஞ்சு நாடா

கவிழ்ந்து கிடந்த படகைப் பயிற்சியாளன் எட்டிப் பிடித்தபோது, மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்த விநாடிகள் நூறைத் தாண்டியிருந்தன. படகுக்கு அடியில், தலைகீழாக, அவன் தங்கையின் கணவர்.

நீருக்குள் கையை விட்டு ஆரஞ்சு நாடாவைத் துழாவினான். இல்லை.

ஆற்றுப் படகு ஓட்டுகிறவர்கள் இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு ரப்பர் மூடி போட்டுக்கொள்வார்கள். உட்காரும் குழிக்குள் தண்ணீர் புகாமல் அது இறுக்கி அடைத்துக்கொள்ளும். அதன் முன்முனையில் ஒரு நாடா வளையம் வெளியே தொங்க வேண்டும். கவிழ்ந்தால் அதை ஒரு இழு. மூடி கழன்றுவிடும், ஆள் வெளியே. நாடா உள்ளே மாட்டிக்கொண்டால் ஆளும் உள்ளேதான்.

கத்தியை உருவி ரப்பரைக் கிழித்தான். பாறைமேல் இழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்தினான். மாப்பிள்ளை கண் திறக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்புதான், துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தபடி ஏரிக்கரையில் வந்து நின்றார். நாலே வாரத்தில் அலுத்துவிட்டது. ஏரி கட்டில் மாதிரி இருக்கு மச்சான், தூக்கம் வருது என்றார். கடலுக்குக் கூட்டிப்போனால், அலையோடு மல்லுக்கட்டி வயிற்றிலிருந்ததையெல்லாம் கக்கிவிட்டு, இது கட்டிலோடு சேர்த்து ஆளையும் உருட்டுது என்றார். சரி, ஆறு. மற்ற இரண்டிலும் ஓட்டியது திறந்த படகு. மூடி போட்டது இன்றுதான் முதல் தடவை. காலையில் தேங்கிய நீரில் நாலு முறை கவிழ்த்துப் பழக்கினான் பயிற்சியாளன். நாலு முறையும் நாடாவை இழுத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரியில் தங்கை அழவில்லை. மாப்பிள்ளைக்குத் துடைக்கக் கொண்டுவந்த துண்டு அவள் தோளில் அப்படியே கிடந்தது.

"அண்ணா, ஏதோ நாடாவாமே, கிளம்பறதுக்கு முன்னாடி எல்லார்தையும் தொட்டுப் பாப்பேன்னு சொல்லுவியே. இவர்தைப் பாத்தியா?"

பயிற்சியாளன் தரையைப் பார்த்தான்.

"மறந்துட்டேன்மா."

"பதினாறு வருஷமா ஊர்ல எவனுக்கும் மறக்கல. எம் புருஷனுக்கு மட்டும் மறந்துடுச்சு."

அவள் திரும்பி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். மூடியிருந்த வெள்ளைத் துணியின் ஒரு முனை கீழே தொங்கியது. அதை எடுத்து, மடித்து, மெத்தைக்கு அடியில் நேர்த்தியாகச் செருகினாள். பிறந்த வீட்டிலும் இப்படித்தான், ஒரு நூல் தொங்கப் பொறுக்க மாட்டாள்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றாள், குரலை உயர்த்தாமல்.

வாக்குமூலம் எழுதிய அதிகாரி நல்ல மனிதர். உரிமம் போய்விடும், கவனக்குறைவு என்று வழக்கும் வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கேட்டார். பார்க்க மறந்தேன் என்றே இரண்டு தடவையும் சொன்னான். இறந்தவரின் தலைக்கவசத்தில் இருந்த கேமராவில் கார்டு இல்லையே என்றார். ஆத்தோட போயிருக்கும் சார் என்றான்.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டு, ஷூவுக்குள்ளிருந்து கார்டை எடுத்தான். நகத்தளவு இருந்தது. ஆம்புலன்ஸின் பின்னால் வேனில் வந்தவன், வழியில் ஒரு ஓரமாக நிறுத்தி, மாப்பிள்ளையின் தலைக்கவசக் கேமராவிலிருந்து அதை எடுத்து, போனில் போட்டுப் பார்த்திருந்தான். இன்னொரு முறை பார்க்கத் தெம்பு இல்லை. பல்லால் கடித்து இரண்டாக உடைத்து, கோப்பைக்குள் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டான்.

அதில் அவனே இருந்தான். குனிந்து, ஆரஞ்சு நாடாவை இரண்டு விரலால் சுண்டிப் பார்த்து, வெளியே இருக்கு மாப்ள, கீழே நிக்கறேன் வாங்க என்று சொல்லி, தன் படகில் முதலில் இறங்கிப் போகிறான். காட்சியில் கொஞ்ச நேரம் வெறும் கரை. பிறகு படகைத் தள்ளிவிட ஒருத்தி வருகிறாள். தோளில் துண்டு.

"இது என்னங்க, வால் மாதிரி தொங்குது" என்கிறாள். துடுப்பை ஆட்டி, கீழே போனவனுக்குச் சைகை காட்டுவதில் இருக்கிறார் அவர். குனிந்து, அதை மூடிக்குள் நேர்த்தியாகச் செருகுகிறாள். பிறகு இரண்டு கையாலும் படகைத் தள்ளுகிறாள்.