பாதி விலைத் தாலாட்டு

பாட்டைக் கொடுக்கச் சம்மதித்தது அவள்தான். யாரும் அவளை ஏமாற்றவில்லை, மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. அதனாலேயே பின்னால் யார்மீதும் வாய்விட்டுக் கோபப்பட முடியாமல் போயிற்று.

சர்ச்சில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. கடைத்தெருவில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. ஒரு கட்டில் போட்டால் அடைந்துவிடும், அவ்வளவுதான். அதற்குள் தையல் மெஷின், இஸ்திரி மேசை, சுவர் முழுக்க நூல்கண்டு. புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், ஜிப் மாற்றுவாள். "டிசம்பர்ல உடம்பு பெருக்கும், ஜனவரில எனக்கு வேலை பெருக்கும்" என்று வருகிறவர்களைச் சிரிக்க வைப்பாள்.

அவள் கணவர் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். மூன்று வருடம் முன்பு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு அது எப்படிப்பட்ட சாவு என்று யாரும் கேட்கவில்லை.

அவர் விட்டுப்போனதில் ஒரு பாட்டும் இருந்தது. கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் மட்டும் பாடுகிற தாலாட்டு.

"கண்ணுறங்கு என் கண்ணே, காத்திருக்கட்டும் பூமி..."

குழந்தை இயேசுவுக்கான பாட்டு என்றுதான் சபையே நினைத்திருந்தது. உண்மை வேறு. மகன் தவழ்ந்துகொண்டிருந்த நாளில் அவர்களுக்கு இன்னொரு குழந்தை, ஒரு பெண், நாள் நிறையாமல் பிறந்தது. டிசம்பர் முதல் வாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தொடக்கூடாது என்றாள் நர்ஸ். தொட முடியாத அப்பா என்ன செய்வார்? கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்க்குள் முனகினார். அப்படிப் பிறந்த மெட்டு அது. பெட்டியை விட்டு வெளியே வராமலே குழந்தை போய்விட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் எதுவும் பேசாமல் போய் கீபோர்டில் உட்கார்ந்து இதை வாசித்தார். சபை உருகியது. அதன்பின் வருடம் தவறாமல் பாடினார்கள். பாட்டு யாருக்கானது என்ற விஷயம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குள்ளேயே நின்றது. மகனுக்கும் சொல்லவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் அவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

மகன் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஒலிப்பதிவு வேலையில் இருந்தான். ஒருநாள் சாயந்திரம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தான்.

"அம்மா, ஒரு பெரிய கடைக்குக் கிறிஸ்துமஸ் விளம்பரம். எந்த மெட்டும் முதலாளிக்குப் பிடிக்கல. சும்மா அப்பா பாட்ட முனகிட்டு இருந்தேன். 'யாருதுய்யா இது'ன்னு கேட்டாரு. அப்பா பாட்டும்மா! ஊரெல்லாம் கேக்கப் போகுது!"

அவன் முகத்தில் தகப்பனார் அப்படியே வந்து நின்றார். அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். ஆனால், பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்த மனுஷன், அவர் பாட்டை நாலு பேர் கேட்டால் நல்லதுதானே என்றும் தோன்றியது. தாலாட்டு தாலாட்டாகவே இருக்கும் என்று நினைத்தாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நவம்பரில் ஒரு காலை. எதிர்வரிசையில் இருந்த நாலு மாடிக் கடையின் ஒலிபெருக்கி கரகரத்தது. வாசலில் பிளாஸ்டிக் மரம் வைத்து, அட்டைப் பெட்டிகளுக்குப் பளபளக்கும் தாள் சுற்றி அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளுக்குள் ஒன்றுமில்லை. காற்றடித்தால் உருண்டன. அவள் ஒரு பேண்ட் காலை மடித்துப் பிடித்திருந்தபோது மேளம் தடதடவென்று இறங்கியது.

"அள்ளிக்கோ என் கண்ணே, பாதி விலைதான் சாமி!"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது அடியில் மெட்டு பிடிபட்டது. ஊசி விரலில் ஏறியதுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மகனுக்குப் போன் செய்தாள். "வார்த்தைய மாத்துவாங்கன்னு நீ சொல்லவே இல்லையேடா."

"விளம்பரம்னா மாத்தத்தாம்மா செய்வாங்க. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி மூடுகிற வரை அதே பாட்டு. துணி கொடுக்க வந்தவர்கள் முனகினார்கள். சர்ச்சில் சிலருக்குத் தலைகால் புரியாத பெருமை, "நம்ம பாட்டு டிவில வருது பாத்தீங்களா!" என்றார்கள். சிலர், "ஆண்டவர் பிறந்ததையும் கூறுகட்டி வித்தாச்சு" என்று அவள் காதில் விழும்படி சொன்னார்கள். இரண்டுக்கும் அவள் தலையாட்டினாள். ஒருநாள் மெஷினை மிதிக்கும் தன் கால் அந்த மேளத்துக்கே தாளம் போடுவதைக் கண்டாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள். உள்ளே குளிர், கண் கூசும் வெளிச்சம், கூட்டம். துணி மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் பாட்டக் கொஞ்சம் சின்னதா வைக்க முடியுமா? நான் எதிர்ல தையக்கடை."

அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். "உங்களுக்காவது தெரு நடுவுல இருக்கு. எனக்கு மண்டைக்கு மேலயே ஸ்பீக்கர். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள்ள ஓடுது. இந்த மெட்டப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவன..."

"அவர் செத்துட்டாரு" என்றாள் தையலக்கா.

"யாரு?"

"மெட்டுப் போட்டவரு."

அந்தப் பெண்ணின் கை மடிப்பிலேயே நின்றுவிட்டது. "ஐயோ, சும்மா சொன்னேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கோபப்பட அதில் என்ன இருக்கிறது? நாள் முழுக்க நின்றே இருக்கிற பிள்ளை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. "பரவால்லம்மா, நீ உக்காரக் கிடைச்சா கொஞ்சம் உக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கிறிஸ்துமஸ் காலை வந்தது. எல்லோர் உடம்பிலும் புதுத்துணி. பிரசங்கம் முடிந்து பாடகர் குழு எழுந்து நின்றது. குழுத்தலைவருக்குக் கட்டைக்குரல் என்றே பட்டப்பெயர். அவர் கண்ணை மூடி மெதுவாக ஆரம்பித்தார். "கண்ணுறங்கு என் கண்ணே..."

முன்வரிசையில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு குட்டிப்பெண் மணிக்குரலில் எடுத்துக் கொடுத்தாள். "பாதி விலைதான் சாமி!" மற்ற பிள்ளைகள் கைதட்டிச் சேர்ந்துகொண்டன. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். அப்புறம் சபை முழுவதும் சிரித்தது. பாஸ்டரே உதட்டைக் கடித்துக்கொண்டு வேதப்புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, பண்டிகைச் சந்தோஷம்தான். கட்டைக்குரல் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது சரணத்துக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்.

தையலக்காவும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த மருமகள், மாமியார் தோளில் கிடந்த முந்தானை நடுங்குவதைப் பார்த்துச் சிரிப்பில்தான் குலுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கட்டைக்குரல் வீட்டுக்கே வந்தார். கொடுத்த கேக்கைத் தொடவில்லை.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. இனிமே அந்தப் பாட்ட விட்டுரலாம்னு குழுவுல பேசிக்கிட்டோம். பாட வாயெடுத்தாலே கடை ஞாபகம்தான் வருது. உங்க வீட்டுக்காரர் பாட்டு... எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"நீங்க என்ன செய்வீங்க? விட்டுருங்க" என்றாள்.

அவர் போனதும் மகன் பொரிந்தான். "ஒரு பாட்டுக்கு இவ்வளவா? வேற பாட்டா இல்ல?"

அப்போதுதான் அவள் சொன்னாள். கண்ணாடிப் பெட்டி, நெற்றி, முனகல், எல்லாவற்றையும். சத்தமில்லாமல், சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். மகன் கேட்கக் கேட்க நாற்காலியில் சரிந்தான்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாளா?"

"இருந்தா."

"ஏம்மா சொல்லல? சொல்லியிருந்தா நான் குடுப்பேனா?"

அவள் அடுக்கிய தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

விடுமுறை முடிந்த அன்றே அவன் முதலாளியிடம் போனான். அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். ஒப்பந்தம் அப்படி, இப்படி என்று முதலாளி இழுத்தார். வேறு வழி தெரியாமல் அவன் குழந்தையின் கதையைச் சொல்லிவிட்டான். முதலாளி கடைசிவரை கேட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு மேசையைத் தட்டினார்.

"தம்பி, இதத்தான் நான் தேடிட்டிருந்தேன். அடுத்த வருஷம் மேளமெல்லாம் வேணாம். மெதுவா, அப்படியே தாலாட்டு. கண்ணாடிப் பெட்டி, உள்ள குழந்தை, வெளிய அப்பா. கடைசில கடை பேரு மட்டும். ஊரே அழும்யா!"

அன்று மகன் வீட்டுக்கு வந்து அம்மாவின் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சொல்லக்கூடாதவன்கிட்ட சொல்லிட்டேம்மா. அத வச்சு விளம்பரம் எடுக்கணும்கிறாரு. எடுத்தா நான் வேலைய விட்டுருவேன்னு சொல்லிட்டேன். எடுக்கமாட்டேன்னுதான் சொன்னாரு. ஆனா அந்த அறையில இருந்த எல்லாருக்கும் இப்ப தெரியும்."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். இத்தனை வருடம் இரண்டு பேர் மட்டுமே சுமந்தது. அவர் போனபின் அவள் ஒருத்தி. இப்போது முன்பின் தெரியாதவர்கள் அதை ஒரு மேசைமேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். திட்டக்கூட மனம் வரவில்லை. "சாப்பிடு, வா" என்றாள்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருடமும் பழைய மேளப்பாட்டே ஓடியது. சர்ச்சில் வேறு பாட்டு பழகினார்கள். கிறிஸ்துமஸ் காலை, ஆராதனை தொடங்குமுன் தையலக்கா மகனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சுவரோரம் சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை இருந்தது. அந்தப் பக்கம் கடைசியாக அவள் வந்தது கணவரோடு. இப்போது அந்த வரிசையின்மேல் புதிய பெரிய கல்லறைகள் வந்துவிட்டன. சுவரையும் தண்ணீர்க் குழாயையும் வைத்து அடையாளம் பிடித்து, இரண்டு கல்லறைக்கு நடுவில் கையளவு மண்ணைக் காட்டினாள்.

"இங்கதான் இருக்கணும்."

மகன் குனிந்து அந்த மண்ணைத் தொட்டான். எழுந்து, "அப்பா பாடின மாதிரி ஒருதடவ பாடும்மா" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். "கண்ணுறங்கு" என்ற சொல்லே ஓடிப்போய் மேளத்தில் ஏறிக்கொண்டது. நிறுத்தினாள். மூச்சை இழுத்து மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே துள்ளல்.

"மெதுவா வரமாட்டேங்குதுடா" என்றாள். "அவரு எங்க இழுப்பாரு, எங்க நிறுத்துவாரு... போயிருச்சு."

"நான் வேகத்தக் குறைச்சுப் பதிவு பண்ணித் தரேம்மா. முடியும், அது எனக்குத் தெரிஞ்ச வேலைதான்."

"அது அவரு பாடினது ஆகாதுடா."

அவனும் முனகிப் பார்த்தான். அவனுக்கும் வரவில்லை. சர்ச் மணி அடித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.